பகையை வென்ற விண்வெளி நிலையம்

விஞ்ஞானக் கதை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன பறக்கும் கலங்களும், ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளும், விந்தை முகம் படைத்த வேற்றுலக மாந்தருமே. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பெரியோர் அவற்றை ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஆயினும், அவ்வகைத் தொலைக்காட்சித் தொடர்களுள் ஒன்று, பகைவனை மன்னித்தல் என்னும் மிகக் கடினமான பொருளை எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டுக் காலம் பொறுமையோடு ஆராய்ந்திருக்கிறது. ‘பாபிலோன் 5’ என்பது அதன் பெயர். அதன் தகுதிக்கேற்ற புகழ் அதற்கு இன்னும் கிட்டவில்லை என்பது நம் எண்ணம்.

தொடரின் பிறப்பு

அமெரிக்க நாட்டில் 1993 பிப்ரவரியில் ஒரு முன்னோட்டப் படமாக வெளிவந்து, பின்னர் 1994 ஜனவரி முதல் 1998 நவம்பர் வரை 110 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் இது. இதைப் படைத்தவர் ஜோசப் மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. அந்த 110 பகுதிகளுள் 92 பகுதிகளை அவர் ஒருவரே எழுதினார். மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்குரியவை முழுவதும் அவர் எழுதியவையே. ஒவ்வொரு வாரமும் ஒரு கதை தொடங்கி அந்த வாரமே முடிந்துவிடுவது அக்காலத்து வழக்கம். அவரோ, தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய ஒரே பெருங்கதையாக ஐந்தாண்டுகளையும் முன்னரே வகுத்துக்கொண்டார்.

கதை 2258-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மண்ணுலகத்தாருக்கும் மின்பாரி என்னும் இனத்தாருக்கும் மூண்ட கொடும்போர் ஓய்ந்து பத்தாண்டுகள் ஆகின்றன. மீண்டும் அத்தகைய போர் மூளாதிருக்க, எல்லா இனத்தாரும் கூடிப் பேசுவதற்கென்று ஐந்து மைல் நீளமுள்ள ஒரு நிலையம் விண்வெளியில் அமைக்கப்படுகிறது. முன்பு கட்டிய மூன்று நிலையங்கள் சதியால் அழிந்தன, நான்காவது மாயமாய் மறைந்தது, ஐந்தாவது நிலைத்தது. இரண்டரை இலட்சம் பேர் அங்கே ஒருங்கே வாழ்கின்றனர். விவிலியத்தில் பாபேல், மொழிகள் குழம்பி மக்கள் சிதறிய இடம். இங்கேயோ, சிதறியவர்கள் மீண்டும் ஒருவர் மொழியை மற்றவர் கற்க முயலும் இடத்துக்கு அதையொத்த பெயர் அமைந்திருக்கிறது.

ஏன் கவனிக்கப்படவில்லை?

காரணங்கள் சில உள. ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையில், விண்வெளி நிலையம் ஒன்றையே களமாகக் கொண்ட ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்னும் தொடரும் 1993-இலேயே தொடங்கியது. பெரும்புகழ் பெற்ற அந்தக் குடும்பத்தின் நிழலில் இது மங்கிற்று. முதல் நான்கு ஆண்டுகள் இது ஊருக்கு ஊர் வெவ்வேறு நிலையங்களில் வெவ்வேறு நேரங்களில் ஒளிபரப்பாயிற்று. ஒரு வாரம் தவறவிட்டவர்க்குக் கதையின் இழை அறுந்துபோயிற்று. பொருளாதாரமும் குறைவே. பழைய தொழிற்கூடம் ஒன்றே படப்பிடிப்புத் தளமாயிற்று. மாதிரிக் கலங்களைச் செய்து படம்பிடிப்பதற்கு மாறாக, அன்று புதுமையாயிருந்த கணிப்பொறிச் சித்திரங்களைப் பயன்படுத்தினர். இன்றைய கண்களுக்கு அவை எளியனவாகவே தோன்றும். முதலாம் ஆண்டுப் பகுதிகள் சற்று மெதுவாக நடைபோடுவதும் உண்மை. ஆனால் அங்கே விதைக்கப்படுபவை யாவும் பின்னால் முளைக்கின்றன.

இரு பகைவர்

தொடரின் உயிர் இரு தூதுவர்களிடம் இருக்கிறது. சென்டாரிப் பேரரசின் தூதர் லண்டோ. அப்பேரரசின் கீழ் நூறாண்டுக் காலம் அடிமைப்பட்டு விடுதலை பெற்ற நார்ன் இனத்தின் தூதர் ஜக்கார். ஒருவர்க்கு இழந்த பெருமையின் ஏக்கம். மற்றவர்க்குப் பழிவாங்கும் வெறி.

1995-இல் வெளிவந்த ஒரு பகுதியைச் சொல்லியே ஆகவேண்டும். தம் முன்னோர் இழைத்த கொடுமைகளுக்காக நார்ன் இனத்தாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க முதியவரான சென்டாரிப் பேரரசர் நிலையத்துக்கு வருகிறார். அவரைக் கொன்றுவிடத் துணிந்து காத்திருக்கிறார் ஜக்கார். ஆனால் பேரரசர் நோயுற்று வீழ, அவர் சொல்ல வந்த மன்னிப்பு மருத்துவர் வாயிலாக ஜக்காரை வந்தடைகிறது. கல்லான மனம் கரைகிறது. ஜக்கார் லண்டோவைத் தேடிச் சென்று, அவருக்கு மது வாங்கிக் கொடுத்து நட்பு பாராட்டுகிறார். அதே வேளையில், லண்டோ மறைவில் ஏவிவிட்ட தாக்குதலால் நார்ன் குடியேற்றம் ஒன்று ஏற்கெனவே அழிந்துகொண்டிருக்கிறது! அறியாமல் மகிழும் ஒருவர் முகமும், அறிந்து வெட்கும் மற்றவர் முகமும் எளிதில் மறக்கக் கூடியவை அல்ல. இப்பகுதிக்கு 1996-இல் ஹியூகோ விருது வழங்கப்பட்டது.

அதன்பின் நார்ன் உலகமே விண்கற்களால் நொறுக்கப்படுகிறது; அதை லண்டோ கலத்தின் சாளரத்தில் நின்று காண்கிறார். தாம் விரும்பியதைப் பெற்ற மனிதனின் முகமன்று அது. ஜக்கார் சிறைப்படுகிறார், சாட்டையடி படுகிறார், ஒரு கண்ணை இழக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு, ஐந்தாம் ஆண்டில், தம் இனத்தார் சென்டாரியரை மன்னிக்க இயலாது போயினும், தாம் லண்டோவை மன்னிப்பதாக அவர் கூறுகிறார். மன்னிப்பு என்னும் சொல் ஒரு நொடியில் வாயினின்று வந்துவிடும். அது உள்ளத்திலிருந்து வர எத்தனை காலம் பிடிக்கும் என்பதை, பார்ப்பவரையும் உடன் காத்திருக்கச் செய்து காட்டியதே இத்தொடரின் தனிச்சிறப்பு.

கெத்சமனித் தோட்டத்தில் ஒரு துறவி

கத்தோலிக்கராகிய நாம் சிறப்பாகக் காணத்தக்க பகுதியும் ஒன்று உண்டு. 1995 நவம்பரில் வெளிவந்த அதன் தலைப்பு ‘கெத்சமனி வழியே’ என்று பொருள்படும். தியோ என்னும் தலைவரின் கீழ் துறவியர் குழு ஒன்று நிலையத்தில் வாழ்கிறது. அவர்களுள் எட்வர்டு என்னும் சகோதரர் சாந்தமே உருவானவர். கிறிஸ்துநாதர் அந்தத் தோட்டத்தினின்று தப்பிச் சென்றிருக்கலாம். ஆயினும் காத்திருந்தாரே, அந்தத் துணிவு தமக்கு வருமா என்று எண்ணிப் பார்ப்பவர்.

அந்தக் கற்பனை எதிர்காலத்தில் கொலைஞனின் நினைவுகளை அழித்து, வேறொரு மனிதனாக்கித் தொண்டு செய்ய விடுவது ஒரு தண்டனை. தாம் அவ்வாறு மாற்றப்பட்ட ஒரு கொலைஞர் என்பதை எட்வர்டு அறியவருகிறார். நினைவில் இல்லாத பாவத்தை எவ்வாறு சங்கீர்த்தனம் செய்வது என்று அவர் கலங்கும் இடம், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகிய எந்தக் குருவையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும். கொலையுண்டோரின் உறவினர் பழிவாங்க வருகின்றனர். ஓடாமல் காத்திருக்கிறார், சிலுவையில் அறையப்படுகிறார்.

கதை அத்துடன் முடியவில்லை. எட்வர்டைக் கொன்றவனும் அதே தண்டனை பெற்று, மால்கம் என்னும் புதிய சகோதரராக அதே மடத்தில் வந்து சேருகிறான்! நிலையத் தலைவர் ஷெரிடன்முன் அவனை நிறுத்துகிறார் தியோ. மன்னிப்பைப் பற்றிப் பேசுவது எளிது. நீட்டப்பட்ட அந்தக் கையைப் பற்றுவது கடினம். ஷெரிடன் தயங்கி, பின் பற்றுகிறார்.

இதில் வியப்பு என்னவெனில், ஸ்ட்ராசின்ஸ்கி தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகக் கூறிக்கொள்பவர். ஆயினும், பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வந்த சமய நம்பிக்கை எதிர்காலத்தில் மறைந்துபோகும் என்று அவர் காட்டவில்லை. 1994-இல் வந்த பகுதி ஒன்றில், ஒவ்வோர் இனமும் தன் சமயத்தை மற்றவர்க்குக் காட்டுகிறது. மண்ணுலகின் முறை வரும்போது, ஒரு நாத்திகர், ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு பௌத்தர், ஒரு முஸ்லிம், ஒரு யூதர் என்று நெடிய வரிசையாக மனிதர்களை நிறுத்தி அறிமுகப்படுத்துகிறார் நிலையத் தலைவர். நம்பாத ஒருவர் நம்புவோரிடம் காட்டிய இந்த நேர்மை, நம்புகின்ற நாம் பிறரிடம் காட்டவேண்டிய நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

திரைக்குப் பின்னால்

நடித்தோரின் வாழ்வும் நெஞ்சைத் தொடுவதே. தம் தலைவரை இழந்த துயரில் போருக்கு ஒப்புதலளித்து, பின் வாழ்நாளெல்லாம் அமைதிக்காக உழைக்கும் மின்பாரித் தூதராக நடித்தவர் மீரா ஃபுர்லான். யுகோஸ்லாவிய நாடு இனப்பகையால் பிளவுண்டபோது, தூற்றுதலுக்கு ஆளாகி 1991-இல் கணவரோடு தாயகத்தை விட்டு வெளியேறியவர் அவர். 2021-இல் மறைந்தார்.

முதலாம் ஆண்டின் தலைவராக நடித்த மைக்கேல் ஓஹேர் அவ்வாண்டோடு விலகியபோது, காரணம் அறியாத இரசிகர்கள் பலவாறு பேசினர். படப்பிடிப்பின்போதே அவர் கடும் மனநோயால் அல்லலுற்றார். அவர் நலம் பெறும்வரை பணியை நிறுத்திவைப்பதாக ஸ்ட்ராசின்ஸ்கி சொன்னார். பிறர் பிழைப்புக் கெடும் என்று ஓஹேர் மறுத்துவிட்டார். அவர் உயிரோடிருந்தவரை அந்த இரகசியத்தைக் காத்த ஸ்ட்ராசின்ஸ்கி, 2012-இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே 2013-இல் உலகுக்கு வெளியிட்டார், அதே நோயால் துன்புறும் பிறர்க்குப் பயன்படட்டும் என்று. மனநோயை இழுக்கென்று மறைத்து, மருத்துவரை நாடாது வருந்தும் குடும்பங்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இத்தொடர் சிறு பிள்ளைகளுக்கு உரியதன்று. நான்காம் ஆண்டில் வரும் சித்திரவதைக் காட்சிகள் அவர்களை அச்சுறுத்தும். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் உடனமர்ந்து கண்டு, பின் உரையாடினால் மிக்க பயன் உண்டு. எட்வர்டு குற்றவாளியா? மால்கமின் கையை நாம் பற்றுவோமா? இக்கேள்விகளுக்கு இளையோர் கூறும் விடைகள் நம்மை வியக்கவைக்கும்.

பாகப் பிரிவினையில் பேச்சறுந்த அண்ணன் தம்பியர், பல்லாண்டுகள் முகம் பாராத மாமியார் மருமகள் ஆகியோர் இல்லாத பங்கு உண்டோ? மன்னித்துவிட்டேன் என்று உடனே சொல்ல இயலாமல் தவிப்போரை நாம் கடிந்துகொள்ள வேண்டா. ஜக்காருக்கும் ஆண்டுகள் பல தேவைப்பட்டன. அவ்வழியில் முதல் அடி எடுத்துவைக்க இன்றே முயல்வோமாக.