பழைய அளவுகோலில் புதிய வேகம்

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்கள் ஏராளம். வரைபடம் பெறுவது முதல் விலைப்பட்டியல் அனுப்புவது வரை அவற்றின் அன்றாடம் இணையத்தை நம்பியே நடக்கிறது. இணைய இணைப்பு மெகாபிட் கணக்கில் விற்கப்படுகிறது. அலுவலகத் தொலைபேசிக்கான பி.ஆர்.ஐ. இணைப்போ 30 சேனல் என்று விற்கப்படுகிறது. 'லீஸ்டு லைன்' எனப்படும் வாடகைத் தடங்களின் கட்டண ஆணைகளில் 'இ-1' என்ற அலகு வருகிறது. இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத் தெரியாதவர் எந்த விலை மலிவு என்று எப்படி அறிவார்?

கணக்கின் வேர் மனிதக் குரலில் இருக்கிறது. தொலைபேசியில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாகப் பதிகிறார்கள். ஆகவே, ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். இத்தகைய 32 தடங்களின் கட்டுதான் இ-1. அதன் வேகம் 2.048 மெகாபிட். ஒரு தடம் ஒத்திசைவுக்கும், மற்றொன்று அழைப்புகளை இணைக்கும் சைகைகளுக்கும் போக, பேச்சுக்கு எஞ்சுபவை 30. அமெரிக்காவின் டி-1 இதனினும் சிறியது: 24 தடங்கள், 1.544 மெகாபிட். இந்தியா பின்பற்றுவது இ-1 முறையை. அமெரிக்க அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுபவர் முதல் படியிலேயே வழுக்கிவிடுவார்.

10 மெகாபிட் வேகத்துக்கு எத்தனை இ-1 தேவை? 2.048-ஆல் வகுத்தால் 4.88, ஐந்து போதும் என்று தோன்றும். ஆனால், ஒத்திசைவுத் தடத்தைக் கழித்தால் தரவுக்குக் கிடைப்பது 1.984 மெகாபிட்தான். ஐந்து இ-1 சேர்ந்தாலும் 9.92-ஐத் தாண்டாது, ஆறாவது தேவைப்படும். தாளில் சிறு பின்னமாகத் தெரிவது, விலைப்பட்டியலில் ஒரு முழுத் தடத்தின் வாடகையாக மாறுகிறது.

அடுத்த பொறி பிட்டும் பைட்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபைட் வரைபடக் கோப்பு 800 மெகாபிட் ஆகும். ஓர் இ-1 வழியே அது வந்துசேர ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆகும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டவர் ஒரு நிமிடத்துக்குள் எதிர்பார்த்திருப்பார்.

இந்த அலகு பழங்கணக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது, அதிலிருந்து பிற நிறுவனங்களுக்குச் செல்லும் அழைப்புகள் பெருமளவில் தோல்வியுற்றன. நிறுவனங்களின் இணைப்பு முனைகளில் எத்தனை இ-1 வழங்கப்பட்டன என்பதே சச்சரவாயிற்று. ஆயிரம் அழைப்புகளில் ஐந்துக்கு மேல் அந்த முனைகளில் தடைபடக் கூடாது என்பது விதி. அவ்வாண்டு அக்டோபரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ரூ.3,050 கோடி அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. அந்நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன.

அகண்ட அலைவரிசைக்கான குறைந்தபட்ச வேகத்தை 2004-இல் 256 கிலோபிட் என வரையறுத்த அரசு, 2013-இல் அதை 512 ஆகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தியது. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசப் போதுமான கொள்ளளவு, இன்று ஒரு வீட்டு இணைப்பின் அடிமட்ட அளவு. ஆயினும் எண் சமமானால் பொருளும் சமமாகிவிடாது. இ-1 இரு திசையிலும் ஒரே வேகம் தருவது. வாடகைக்கு எடுத்தவருக்கென்றே ஒதுக்கப்படுவது. வீட்டு இணைப்போ பலர் பகிர்ந்துகொள்வது.

ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்த காலத்தில் ஏமாந்தவர் பெரும்பாலும் சிறு விவசாயியே. 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்து அக்குழப்பத்தைக் குறைத்தது. அளவு தெளிவாக இல்லாத சந்தையில் விலையை ஒப்பிட இயலாது என்பது பொருளியலின் பாலபாடம். அறிவிக்கும் வேகம் பிட்டிலா பைட்டிலா, தரவுக்கு உண்மையில் கிடைப்பது எவ்வளவு, அது தனித்ததா பகிரப்படுவதா, இரு திசையிலும் சமமா என்பவற்றை ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, கையொப்பமிடும் முன் இக்கேள்விகளைக் கேட்டு விடை பெறும் பொறுப்பு வாங்குபவருடையதே.