உங்களுக்குத் தெரியுமா? கருகியும் மறவாத சுவர்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், உருக்காலைகளின் புகைபோக்கிகள் உயர்ந்து நிற்கும் கும்மிடிப்பூண்டியில், ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தோர் நெடுங்காலமாய் வசிக்கும் முகாம் ஒன்றுண்டு. அம்மக்கள் பிரிந்துவந்த தேசத்தின் ஞாபகச் சின்னங்களுள் தலையாயதாகிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தை வடிவமைத்தவர், நம் சென்னைச் கட்டடக்கலை வல்லுநர் நரசிம்மன் என்பதைப் பலர் அறியார். நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் அதற்குக் கிட்டியது.

வெண்ணிறச் சுவர்களும் குவிமாடமும் திராவிடப் பாணியும் கொண்டு, வாயிலில் சரஸ்வதி சிலை விளங்க, 1959-இல் திறக்கப்பெற்ற அம்மண்டபம், 1981 ஜூன் முதல் நாளின் இரவையொட்டி அக்கினிக்கு இரையாக்கப்பெற்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மறுபிரதியற்ற ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின.

இத்தகைய இழப்பும் நினைவும் ஈழத்தாருக்கு மட்டும் உரியனவல்ல: 1948-இல் வீடிழந்த பாலஸ்தீனர் இன்றும் தம் பழைய வீட்டுச் சாவிகளைப் பேணிவருகின்றனர். காஸாவின் புராதனமான உமரிப் பள்ளிவாசலும் 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்தது. ஒரு ஜனசமூகத்தின் சரித்திரத்தை மாய்க்க விரும்புவோர் அதன் கட்டடங்களைக் குறிவைப்பது தற்செயலன்று.

எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை அப்படியே நினைவுச்சின்னமாக நிறுத்தி, அருகில் புதிதொன்று கட்டும் யோசனை 1980-களில் எழுந்தது. பின்னர் பழைய கட்டடமே புதுப்பிக்கப்பட்டு, மீண்டும் வெண்மை பூசப்பட்டது. வாசகருக்கு நூலகம் மீண்டது பெரும்பேறு. எனினும் கருகிய சுவரொன்றையேனும் பூசாமல் விட்டிருக்கவேண்டும் என்பதே எமது திடமான அபிப்பிராயம்.