பாட்டு ஓய்ந்தாலும் படம் பேசும்

தீபாவளிக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வது நம் வழக்கம். தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள எங்கள் வீட்டில் அப்படி ஒருமுறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று இறங்கியது. உள்ளே மாமாவின் இளமைக்காலப் படங்கள்! கையில் கித்தார், காதை மூடிய முடி, பெல்பாட்டம் கால்சட்டை, பின்னால் தோட்டத்து மண்டபம். “பழைய பேப்பர் லோரி வந்தால் போட்டுவிடு” என்றார் அம்மா. அந்தச் சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பழைய ராக் இசைப் படங்களை மேல்நாட்டினர் ஓவியங்களைப் போல் விலை கொடுத்து வாங்கிச் சேகரிக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1960, 70ஆம் ஆண்டுகளில் இப்படங்களை எடுத்தவர்களுக்கு அது அன்றாட வேலை. இதழுக்கோ இசைத்தட்டு உறைக்கோ படம் தேவைப்பட்டது; எடுத்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் படச்சுருள் பெட்டிக்குள் போனது. காலம் அதன் தகுதியை மாற்றியது. இசைப் படங்களுக்கென்றே மோரிசன் ஹோட்டல் கேலரி 2001இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. 2009இல் அந்நகரின் புருக்லின் அருங்காட்சியகம் ராக் படங்களுக்காகப் பெரிய கண்காட்சியே நடத்தியது.

அப்படியானால் தெளிவான படத்துக்குத்தான் மதிப்பா? இல்லை. 1979இல் ‘தி கிளாஷ்’ குழுவின் பால் சிமனன் மேடையில் கித்தாரை ஓங்கி அடித்து உடைப்பதைப் பென்னி ஸ்மித் படமெடுத்தார். படம் மங்கலாக இருக்கிறது என்று அவரே தயங்கினார். ஆனால் அதுவே ‘லண்டன் காலிங்’ இசைத்தட்டின் உறையாகி உலகப் புகழ் பெற்றது. திரும்ப வராத ஒரு கணம் அதில் சிக்கியிருந்தது அல்லவா?

இந்திய மண்ணிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் தியானம் பயில ரிஷிகேஷ் வந்தனர். காதல் முறிந்த வேதனையோடு அங்கு வந்த கனடா இளைஞர் பால் சால்ட்ஸ்மன், அவர்களோடு நட்பாகப் பழகிப் படங்கள் எடுத்தார். ஊர் திரும்பியதும் அவற்றைப் பெட்டியில் போட்டு மறந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின் மகள் கேட்டபோதுதான் தேடி எடுத்தார். 2000இல் அவை நூலாயின; பின்னர் கையொப்பமிட்ட பிரதிகளாக விற்பனைக்கும் வந்தன. அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருந்தால்?

சேகரிப்பவர்கள் கவனிப்பவை சில. படம் எடுத்த காலத்திலேயே அச்சிட்ட பிரதி அரிது. அதனால் விலை அதிகம். அதே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் அச்சிட்டது விலை குறைவு. குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நிறுத்தப்படும் பிரதிகளில் 5/50 என்று எழுதியிருந்தால், ஐம்பதில் ஐந்தாவது என்று பொருள். எடுத்தவரின் கையொப்பமும், படம் யார் யாரிடம் இருந்து வந்தது என்ற விவரமும் முக்கியம். ஒன்றை மறக்கக் கூடாது: பிரதியை வாங்கியவருக்குப் பதிப்புரிமை கிடைப்பதில்லை.

நம் நாட்டிலும் இசைக்குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களை அறியாதவர் யார்? லோகநாதன் 2007இல் மறைந்தார். அவர் மேடையில் நின்ற கணங்களை இனி யாராலும் படமெடுக்க முடியாது. எடுத்தவை எந்த வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றனவோ!

நம் ஊர் வெக்கையும் ஈரமும் படங்களுக்குப் பகை. ஒட்டும் ஆல்பங்களைத் தவிருங்கள். அமிலமற்ற காகித உறையில் இட்டு, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வையுங்கள். புளிக்காடி வாடை அடிக்கும் நெகட்டிவ் கெடத் தொடங்கிவிட்டது. அதைப் பிரித்து வைத்து, உடனே கணினியில் படியெடுங்கள். படியெடுத்ததும் மூலத்தை வீசிவிடாதீர்கள். பெயரும் ஆண்டும் இடமும் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

அந்த டின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மாமாவை அருகில் உட்காரவைத்துப் பெயர்களை எழுதினேன். ஐவரில் நால்வரைச் சொன்னார். தாளம் வாசித்தவரின் முகம் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. படம் எடுத்தவர் யார் என்றும் தெரியவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு மாமாக்களிடம் இன்றே கேளுங்கள். பழைய பேப்பர் லோரி காத்திருக்கட்டும்!