மூச்சை எண்ணிய மருத்துவிச்சிகள்

நியூமோனியா என்றதும் நமது ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது மார்கழி மழையும் நெஞ்சுச்சளியும்தான். உண்மையில் அது நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளில் ஏற்படும் தொற்று. பற்றீரியாவோ வைரசோ அங்கே பெருகும்போது, சிற்றறைகள் நீராலும் சீழாலும் நிறைந்து, ஒட்சிசன் இரத்தத்தில் சேர்வது குறைகிறது. நுரையீரல் விறைத்துப் போவதால் பிள்ளையால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. ஆகவே சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக இழுக்கிறது. 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 இலட்சத்து 40 ஆயிரம் பிள்ளைகள் இந்நோயால் இறந்தனர் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

அந்த வேகமான மூச்சே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. இருமலுள்ள பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவை எட்டினால் நியூமோனியா என்று சந்தேகிக்கலாம். எக்ஸ்ரே இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் எண்ணவே தெரியாதவர் என்ன செய்வது?

இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில் கட்சிரோலி என்றொரு மாவட்டம் உண்டு. காடு அடர்ந்த இடம். கோண்டு ஆதிவாசிகள் வாழ்வது. டொக்டர் அபய் பங், டொக்டர் ராணி பங் தம்பதியர் 1986இல் ‘சேர்ச்’ என்ற நிறுவனத்தை அங்கு தொடங்கினர். டொக்டர் வரும்வரை பிள்ளை காத்திருக்காது என்பதால், ஊரிலேயே இருந்த சுகாதாரத் தொண்டர்களுக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சிகளுக்கும் நோயை அறியவும் மாத்திரை கொடுக்கவும் பழக்கினர். மருத்துவிச்சிகளில் பலர் எழுத்தறியாதவர்கள். ஐம்பது வரை எண்ணுவது அவர்களுக்குக் கடினம். அதற்காக மணிகள் கோத்த சட்டமும் ஒரு நிமிட மணற்கடிகாரமும் கொண்ட எளிய கருவியொன்றைச் செய்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி வந்துவிட்டால் நியூமோனியா. தஸ்பீஹ் மணி உருட்டும் நமது உம்மம்மாமாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம்கூடத் தேவைப்படாது என்று எனக்குத் தோன்றியது.

படிக்காத பெண்களின் கையில் நுண்ணுயிர்கொல்லி மருந்தா என்று கேட்கத் தோன்றும். 1990இல் ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகையில் வந்த முடிவு அதற்குப் பதில் சொல்கிறது. 58 கிராமங்களில் இவ்வாறு 612 நோயாளிப் பிள்ளைகளைப் பராமரித்தபோது இறப்பு 0.8 வீதம். இந்த ஏற்பாடு இல்லாத 44 கிராமங்களில் அது 13.5 வீதம்.

அபய் பங் சொல்லும் இன்னொரு விடயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டபோது, அங்குள்ளவர்கள் வெள்ளை உடுத்துகிறார்கள், வெள்ளை இறந்தவருக்குப் போர்த்துவது என்றார்களாம் அம்மக்கள். நமக்கும் கபன் வெள்ளைதானே! அதற்குப் பிறகு கட்டிய ஆஸ்பத்திரி, குடிசைகள் கொண்ட ஒரு கிராமம்போலவே அமைந்தது. அவர்களின் தெய்வத்தின் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. தூரமும் பணமும் மட்டுமல்ல, பயமும் ஒரு தடை.

நமது நாடு இவ்விடயத்தில் முன்னமே ஒரு வழி கண்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல் மருத்துவ மாது வீடு தேடி வருகிறார். பூவரசங்குளத்தில் ‘மிட்வைஃப் மிஸ்’ என்றால் தெரியாத தாய் இல்லை. 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசியில், நியூமோனியாவை உண்டாக்கும் ஹிப் பற்றீரியாவுக்கு எதிரான மருந்தும் 2008 முதல் சேர்ந்திருக்கிறது. ஆயினும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து மூன்று நாள் பார்ப்பதும், பாமசியில் பழைய துண்டைக் காட்டி மருந்து வாங்குவதும் இங்கு நடக்கிறது. கட்சிரோலிப் பெண்கள் பயிற்சி பெற்று, எண்ணிப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார்கள். நாம் எண்ணாமலேயே கொடுக்கிறோம்.

ராத்தாவின் மகனுக்குச் சளி பிடித்தபோது கைபேசியில் நேரம் வைத்து எண்ணினேன், 34. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது பயப்படும் அளவல்ல. சட்டையை உயர்த்தி நெஞ்சையும் பார்த்தேன். மூச்சிழுக்கும்போது கீழ்நெஞ்சு உள்ளே குழிந்தால், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால், வலிப்பு வந்தால், உதடு நீலித்தால், எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.