தலையில்லாத துண்டுக்கும் பெயர் உண்டு

வயிறு வலித்தால் குதிரை சும்மா இருக்காது. காலால் மண்ணைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், விழுந்து புரளும். கழுதையோ தீனியை விட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். அந்த அமைதியைச் சோம்பல் என்று நினைத்து விடுவது பெரிய தவறு. உள்ளே நாடாப்புழு இருக்கலாம்.

இவ்விரு விலங்குகளின் குடலிலும் வாழும் நாடாப்புழுக்களில் முக்கியமானவை மூன்று இனங்கள். அனோப்ளோசெஃபலா பெர்ஃபோலியேட்டா 4 முதல் 8 செ.மீ. நீளம்தான் இருக்கும். ஆனால் அதுதான் பொல்லாதது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் குறுகிய வாசலில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். தலையில் கொக்கி கிடையாது. நான்கு உறிஞ்சிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் காதுமடல்போல் ஒரு சிறு மடல். பிடித்த இடம் புண்ணாகித் தடிக்கும், சில சமயம் வழியே அடைபடும். அனோப்ளோசெஃபலா மேக்னா 80 செ.மீ. வரை வளரும், அதற்கு மடல் இல்லை. மூன்றாவது, பாரானோப்ளோசெஃபலா மாமிலானா, மிகச் சிறியது. புல்லோடு சேர்த்து விழுங்கப்படும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் வழியாகத்தான் இவை குடலை அடைகின்றன.

புழுவைக் கண்டறிய லத்தியை நுண்ணோக்கியில் பார்த்தால் போதாதா? போதாது. முட்டைகள் புழுவின் உடல் துண்டுகளுக்குள் அடைந்து, விட்டுவிட்டுத்தான் வெளியேறும். இன்று எடுத்த லத்தியில் முட்டை இல்லை என்பதால் புழு இல்லை என்று ஆகாது. சுருங்கிய ஒரு துண்டு கிடைத்தாலும் தலை இருக்காது, தலையில்லாமல் மடலை எங்கே தேடுவது?

மரபணு இங்கேதான் கைகொடுக்கிறது. தலையோ துண்டோ முட்டையோ, எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணு எழுத்துத்தொடர். பிசிஆர் கருவி அதில் குறிப்பிட்ட ஒரு பகுதியைச் சூடாக்கியும் குளிர்வித்தும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறது. 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். 2015இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் மூன்று இனங்களையும் ஒரே சோதனையில் பிரித்தறியும் முறையை வெளியிட்டனர். இனத்துக்கு இனம் பெருகும் மரபணுத் துண்டின் நீளம் வேறு. கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சினால் குட்டைத் துண்டு முந்தி ஓடும், நீளமானது பின்தங்கும். கோடு நிற்கும் இடமே புழுவின் பெயரைச் சொல்லிவிடும்.

புழு எது என்று தெரியாமல் மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு. பலர் கொடுக்கும் ஐவர்மெக்டின் நாடாப்புழுவைக் கொல்லாது, பிராசிகுவான்டெல் கொல்லும்.

குதிரையோ கழுதையோ வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லத்தியில் வெள்ளைத் துண்டு கண்டால் எறிந்துவிடாதீர்கள். ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதைந்துவிடும். எத்தனாலில் போட்டு மூடி, கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள்.