காலர் துவைத்த பெண்கள் கட்டிய சங்கம்



அமெரிக்கான்னா பணக்கார நாடு என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கேயும் அரைக்கூலிக்கு அல்லாடிய பெண்கள் இருந்தார்கள். அயர்லாந்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர்களின் கதை இது.

அயர்லாந்து ஐரோப்பாவில் உள்ள ஒரு தீவு. ஏழைகளுக்கு அந்தக் காலத்தில் அங்கே உருளைக்கிழங்குதான் சாப்பாடு. 1845-ல் அந்தப் பயிரில் நோய் விழுந்தது. பல வருடம் பஞ்சம். பசியிலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறினார்கள். அமெரிக்கா போன ஆண்கள் கால்வாய் வெட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். பெண்கள் வீட்டு வேலைக்கும் ஆலைக்கும் சலவைக்கும் போனார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்று ஓர் ஊர். சட்டையில் கழற்றி மாட்டும் காலர் அங்கேதான் ஏராளமாகத் தயாரானது. அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடுவது பெண்கள் வேலை. தினம் 12 முதல் 14 மணி நேரம். கொதிக்கிற தண்ணீர், பழுக்கக் காய்ந்த இஸ்திரிப் பெட்டி. கை வெந்துபோகும். வாரத்துக்குக் கிடைத்தது 3, 4 டாலர்தான்.

அங்கே வேலை செய்தவர் கேட் முல்லானி. அயர்லாந்தில் பிறந்த இளம்பெண். "தனித்தனியா கேட்டா யார் காது கொடுப்பாங்க?" என்று யோசித்த பெண்கள், 1864 பிப்ரவரியில் அவர் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். சுமார் 300 பேர் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி 25 சதவீதம் உயர்ந்தது.

சங்கம் அதோடு கலையவில்லை. சந்தா சேர்த்தார்கள். 1866-ல் இரும்பு வார்ப்புத் தொழிலாளர்கள் போராடியபோது, இந்தச் சலவைப் பெண்கள் 1,000 டாலர் கொடுத்து உதவினார்கள்!

1869-ல் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தத் தடவை முதலாளிகள், "கூலி கூட்டித் தர்றோம், ஆனா சங்கத்துல இருக்கிறவங்களுக்கு வேலை இல்லை" என்றார்கள். காகிதக் காலர் வேறு சந்தைக்கு வந்து, துணிக் காலருக்குப் போட்டியானது. போராட்டம் தோற்றது. சங்கமும் கலைந்தது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கூலியைக் கூட்டித்தர முதலாளிகள் தயார். பெண்கள் ஒன்றாக இருப்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. கூட்டின கூலியை நாளைக்கே குறைத்தாலும், தனித்தனியாக நிற்கிறவர்கள் கேட்க முடியாது அல்லவா?

கேட் முல்லானி வாழ்ந்த வீட்டை அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கதையை வாசித்துக் காட்டி, "நாமளா இருந்தா என்ன முடிவு எடுத்திருப்போம்?" என்று பேசிப் பாருங்கள்.