தண்ணீர் கலந்த பாலா? தீவனம் குறைந்த பாலா? உறைநிலை சொல்லும்

கோடையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பசுந்தீவனம் அரிதாகி விடுகிறது. வெறும் வைக்கோலைத் தின்னும் பசுவின் பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள் குறையும். சங்கத்தில் லாக்டோமீட்டர் இறங்கிக் காட்டும். "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று பேச்சு வரும். விலையும் போகும், பெயரும் கெடும்.

இந்த இரண்டு பாலையும் பிரித்தறிய உதவுவது உறைநிலை. தண்ணீர் பூஜ்யம் டிகிரி சென்டிகிரேடில் உறையும். பாலில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 0.52 முதல் 0.55 டிகிரி வரை குளிர்ந்தால்தான் உறையும். மடியில் சுரக்கும் பால் மாட்டின் ரத்தத்தோடு சமநிலையில் இருப்பதால், தீவனம் குறைந்தாலும் இந்த அளவு மிகச் சிறிதே மாறும். ஆனால் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தாலே சுமார் 0.005 டிகிரி பூஜ்யத்தை நோக்கி ஏறிவிடும். ஏடு எடுத்த பாலில் தண்ணீர் ஊற்றி லாக்டோமீட்டரை ஏமாற்றுவார்கள். உறைநிலையிடம் அது பலிக்காது.

இவ்வளவு நுட்பமாக அளப்பது எப்படி? உறை மோர் விடாமல் பால் தயிராவதில்லை அல்லவா? அதுபோல, ஆடாமல் அசையாமல் குளிரும் திரவமும் உறைநிலையைத் தாண்டிய பிறகும் உறையாமலே இருக்கும். பனிக்கட்டி தொடங்க அதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். தண்ணீரின் இந்தக் குணத்தை 1724-லேயே ஃபாரன்ஹீட் எழுதி வைத்தார். ஆய்வுக்கூடத்தில் இரண்டு சி.சி. அளவு பாலைச் சுமார் மைனஸ் 3 டிகிரி வரை திரவமாகவே குளிர்விப்பார்கள். பிறகு ஒரு சிறு கம்பி அதிர்ந்து தட்டும். உடனே பனித்துகள்கள் தோன்றும். உறையும் தண்ணீர் கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுவதால் வெப்பநிலை சரசரவென ஏறி ஓரிடத்தில் நிற்கும். அந்த இடமே உறைநிலை.

நம் பகுதிக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. தோல் தொழிற்சாலைகளின் உப்புக் கழிவுநீர் பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறங்கியது 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விஷயம். லிட்டருக்கு 5 கிராம் உப்பு கரைந்த தண்ணீர் சுமார் மைனஸ் 0.3 டிகிரியில்தான் உறையும். அத்தகைய தண்ணீரைக் கலந்தால் உறைநிலை சரியாகக் காட்டிக் கொடுக்காது. குளோரைடு சோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மடிவீக்க நோய் கண்ட மாட்டின் பாலிலும் குளோரைடு கூடும் என்பதால், குற்றம் சொல்லும் முன் மடியையும் பார்ப்பது நியாயம். புளித்த பாலில் உறைநிலை இறங்கிவிடும். மாதிரி புதிதாக இருக்க வேண்டும்.

கருவித் திரையில் "சேர்த்த தண்ணீர் இத்தனை சதம்" என்று வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். ஒலி அலைக் கருவிகள் பாலை உறைய வைத்துப் பார்ப்பதில்லை. திடப்பொருளைக் கொண்டு கணக்குப் போட்டே சொல்கின்றன. தீவனக் குறைவும் அதில் தண்ணீராகத் தெரியலாம். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பும்படி கேளுங்கள். சங்கத்தாரை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் கண்முன்னே முழுக் கறவையும் கறந்து, அந்தப் பாலையும் கூடவே அனுப்பி ஒப்பிடச் சொல்லுங்கள்.

அதற்கு முன், கழுவிய கேனையும் வாளியையும் கவிழ்த்து நன்றாக வடிய விடுங்கள். 10 லிட்டர் பாலில் 100 மி.லி. தண்ணீர் தங்கினாலே ஒரு சதம் ஆகிவிடும்.